உவமை, உருவகம், மரபுத்தொடர்: நடுநிலைப் பள்ளி மாணவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ் கற்பித்து வரும் எனக்கு, அணிப் பாடம் தொடங்கும் வாரத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அணியின் பெயரைத் தடையின்றிச் சொல்லும் மாணவர் பலர், அந்த வரி என்ன சொல்கிறது என்று கேட்டவுடன் விழித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, பெயர்களைவிட, ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்கு எது செல்கிறது, எது செல்லாமல் நின்றுவிடுகிறது என்பதை விளக்கவே இங்கு முயன்றிருக்கிறேன்.

அணி என்றால் என்ன? அது செய்யுளில் மட்டும்தான் வருமா?

ஒரு சொல்லோ தொடரோ தன் நேர்ப்பொருளோடு நின்றுவிடாமல், அதனோடு ஒப்புமையாலோ வேறு தொடர்பாலோ இணைந்த இன்னொரு பொருளை உணர்த்தும்போது, அதை அணிபெறக் கூறுதல் என்கிறோம். அணி என்ற சொல்லுக்கு அழகு என்று பொருள். ஆனால் இதை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிட வேண்டாம். நேர்ச்சொற்களால் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லவே பெரும்பாலும் அணி தேவைப்படுகிறது.

நாம் அன்றாடம் பேசும் பேச்சிலேயே அது நிறைந்திருக்கிறது. சீப்புக்குப் பல் உண்டு, ஊசிக்குக் காது உண்டு, மலைக்கு அடி உண்டு. நேரம் ஓடுகிறது, பேச்சு வளர்கிறது, வெயில் கொல்கிறது. நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: நான்கு காலுடையது என்பதுதான் அதன் பொருள். உயிருள்ளவற்றின் காலை ஒரு மரப்பொருளுக்குக் கொடுத்த முதல் மனிதர் ஓர் உருவகத்தைப் படைத்தார். பழகிப் பழகி, அது உருவகம் என்பதே நமக்கு மறந்துவிட்டது.

ஓர் உவமையை எப்படிப் பிரித்துப் பொருள் காண்பது?

உவமையில் நான்கு உறுப்புகள் உண்டு. சொல்ல வந்த பொருள் உவமேயம். அதை விளக்கக் கொண்டுவரும் பொருள் உவமானம், இதை உவமை என்றும் சொல்வார்கள். இரண்டையும் இணைக்கும் சொல் உவம உருபு. இரண்டுக்கும் பொதுவான இயல்பு பொதுத்தன்மை. முதல் மூன்றும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். நான்காவது பல நேரங்களில் மறைந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் வாசகரின் வேலை, உவமையைப் புரிந்துகொள்வது என்பதும் அதுதான்.

குறுந்தொகையின் நாற்பதாம் பாடல் இதற்குச் சிறந்த சான்று. முன்பின் அறியாத இருவர் அன்பால் ஒன்றானதைச் சொல்ல வந்த புலவர், “செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே” என்கிறார். செம்புலம் என்பது செந்நிலம். பெயல்நீர் என்பது மழைநீர். இதை வகுப்பில் படித்தபோது, “நெஞ்சம் சிவப்பாகிவிட்டதா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் தவறான இடத்தைப் பிடித்திருந்தாலும் சரியான திசையில்தான் சென்றாள். மறுநாள் ஒரு கண்ணாடிக் குவளையில் செம்மண்ணைப் போட்டு, அதன்மேல் நீரை ஊற்றிக் காட்டினேன். நீர் மண்ணின் நிறத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. “இப்போது நீரையும் நிறத்தையும் தனித்தனியாக எடுத்துக் கொடு” என்றேன். சற்று நேரம் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தவள், “முடியாது, அதைத்தான் சொல்கிறார்” என்றாள். சிவப்பு நிறமும் ஈரமும் உவமானத்திலேயே நின்றுவிட்டன. இனிப் பிரிக்க முடியாது என்ற ஒன்று மட்டும் நெஞ்சங்களுக்கு வந்து சேர்ந்தது.

இந்தப் பாடலை எழுதியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. அந்த உவமையையே பெயராக்கி, அவரைச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். குப்பைமேட்டில் தாமாகச் சண்டையிடும் கோழிகளை விலக்கிவிட யாரும் இல்லாததுபோல் தன் துன்பத்தைக் களையவும் யாரும் இல்லை என்ற உவமையைத் தந்த புலவர், அதே முறையில் குப்பைக்கோழியார் ஆனார். நல்ல உவமை ஒன்று தன்னைப் படைத்தவரின் பெயராகவே நிலைத்துவிட்டதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

பொதுத்தன்மையைக் கண்டுபிடிக்க ஏதேனும் வழி உண்டா?

உண்டு, அதுவும் மிகப் பழைய வழி. தொல்காப்பியம் தன் உவமவியலில் உவமத் தோற்றத்தை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. மின்னல் போல ஓடினான் என்றால் ஒத்திருப்பது வினை, அதாவது செயல். மழை போன்ற கொடை என்றால் ஒத்திருப்பது பயன். வில் போன்ற புருவம் என்றால் மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற இதழ் என்றால் உரு, அதாவது நிறம். எந்த உவமையைக் கண்டாலும் இந்த நான்கையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மழை போன்ற கொடை என்பதைப் படித்துவிட்டு, மழையின் நிறமோ வடிவமோ கொடைக்கு எப்படிப் பொருந்தும் என்று குழம்பும் மாணவர், பயன் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் தெளிந்துவிடுவார்.

“போல” வந்தாலே அது உவமைதானா?

இல்லை. தேர்வுத்தாளில் நான் மிகுதியாகக் காணும் பிழை இது. “மழை வரும்போல இருக்கிறது” என்பதில் போல என்பது ஊகத்தைக் காட்டுகிறது. “நான் சொன்னதுபோல அவன் செய்தான்” என்பதில் சொன்னபடி என்ற பொருளைத் தருகிறது. “அண்ணனைப் போலவே தம்பியும் உயரம்” என்பது ஓரினப் பொருள்கள் இரண்டை அளந்து பார்க்கும் வெறும் ஒப்பீடு. “அண்ணன் பனைமரம் போல நின்றான்” என்றால்தான், வேறோர் இனத்துப் பொருளைக் கொண்டுவந்து அதன் இயல்பொன்றை இவன்மேல் வைக்கிறோம், அது உவமை.

மறுபுறம், போல என்ற சொல் இல்லாமலும் உவமை வரும். நன்னூல் என்ற இலக்கண நூல், “போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன” என்று பன்னிரண்டு உருபுகளைப் பட்டியலிட்டு, பிறவும் உண்டு என்கிறது. இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, பாடலில் கண்டவுடன் அந்த இடத்தில் போல என்று மாற்றிப் படித்துப் பார்ப்பதே பயன்தரும்.

மலரடிக்கும் அடிமலருக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஒன்றாகத்தானே தோன்றுகின்றன?

சொற்கள் அவைதாம், வரிசை மாறியதும் அணி மாறிவிடுகிறது. மலரடி என்பதை மலர் போன்ற அடி என்று விரிக்கிறோம். உவம உருபு தொக்கி நிற்பதால் இது உவமைத்தொகை. அடிமலர் என்பதை அடியாகிய மலர் என்று விரிக்கிறோம். அடி வேறு, மலர் வேறு என்ற எண்ணமே இங்கு இல்லை, அடியே மலராகிவிட்டது. இது உருவகம். அதேபோல் மதிமுகம் உவமைத்தொகை, முகமதி உருவகம்.

இடையில் போன்ற, ஆகிய என்ற இரண்டில் எது பொருந்துகிறது என்று பார்க்கும்படி பாடநூல்கள் சொல்கின்றன. அது சரியான வழிதான். ஆனால் அதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு: அடுத்து வரும் வினையைப் பாருங்கள். “தேன்தமிழைப் பேசினோம்” என்கிறோம். “தமிழ்த்தேனைப் பருகினோம்” என்கிறோம். தேன்தமிழில் தலைமைச் சொல் தமிழ், ஆகவே பேசினோம். தமிழ்த்தேனில் தலைமைச் சொல் தேன், ஆகவே பருகினோம். தமிழில் தொகையின் தலைமைச் சொல் பெரும்பாலும் பின்னால்தான் நிற்கும் என்பதால், எந்தச் சொல் பின்னால் வந்திருக்கிறதோ அதற்கேற்ற வினையை எழுத்தாளர் தேர்கிறார். “தமிழ்த்தேனைப் பேசினோம்” என்று ஒருவர் எழுதினால் காது உடனே மறுக்கும். அந்த மறுப்பைக் கேட்கப் பழகிக்கொண்ட மாணவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவே மாட்டார்.

ஏகதேச உருவகம் என்பது எது?

தொடர்புடைய இரண்டில் ஒன்றை உருவகம் செய்து, மற்றொன்றைச் செய்யாமல் விடுவது. “பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்” என்ற குறளில் பிறவி கடலாக உருவகம் செய்யப்படுகிறது. அந்தக் கடலைக் கடக்க உதவும் இறைவனடியைத் தெப்பம் என்று சொல்லவில்லை. அதை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

எடுத்துக்காட்டு உவமையும் பிறிது மொழிதலும் ஏன் எப்போதும் குழப்புகின்றன?

இரண்டிலும் உவம உருபு கண்ணில் படாததால்தான். எடுத்துக்காட்டு உவமையணியில் உவமையும் பொருளும் இரண்டு தொடர்களாக அருகருகே நிற்கும். இடையில் அதுபோல என்ற சொல் மட்டும் மறைந்திருக்கும். “தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு” என்ற குறளில், தோண்டத் தோண்ட மணற்கேணியில் நீர் ஊறும் என்பது ஒரு தொடர். கற்கக் கற்க அறிவு ஊறும் என்பது மற்றொன்று. இரண்டும் சொல்லப்பட்டுவிட்டன.

பிறிது மொழிதலில் உவமை மட்டும்தான் நம் கைக்கு வரும். “பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்” என்ற குறளைப் பாருங்கள். மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும், அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறிந்துவிடும். அவ்வளவுதான், குறள் முடிந்துவிட்டது. வண்டியைப் பற்றி ஒரு புலவர் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கும்போதுதான், இது வலியறிதல் என்ற அதிகாரத்தில் இருப்பது நினைவுக்கு வருகிறது. தனித்தனியே எளியவர்களான பகைவரும் பலராகத் திரண்டால் வலியவனையும் வீழ்த்திவிடுவர் என்ற பொருளை, அதிகாரத் தலைப்பின் துணையோடு நாம் வருவித்துக்கொள்கிறோம். ஒரு வரியை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்துப் படிப்பதால் எவ்வளவு இழக்கிறோம் என்பதற்கு இந்தக் குறளே போதும்.

பழமொழிகளும் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன. “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்று ஒருவர் சொல்லும்போது அருகில் ஆறோ குளமோ இருக்க வேண்டியதில்லை.

கொடி வா என்று அழைக்குமா, வராதே என்று தடுக்குமா? தற்குறிப்பேற்றத்தை எப்படி அடையாளம் காண்பது?

இயல்பாக நடக்கும் நிகழ்ச்சி ஒன்று இருக்க வேண்டும்; அதன்மேல் கவிஞர் தாம் கருதிய காரணத்தை ஏற்றியிருக்க வேண்டும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகையில் கோட்டையின் மேலுள்ள கொடிகள் காற்றில் அசைகின்றன. அவை வராதீர்கள் என்று கைகாட்டித் தடுப்பதுபோல் அசைந்தன என்கிறது சிலப்பதிகாரம். காற்றில் கொடி அசைவது இயல்பு. தடுக்கும் எண்ணம் கவிஞருடையது. பின்னால் நடக்கப்போவதை அறிந்த நாம், அந்தக் கொடியின் அசைவிலேயே நடுக்கத்தை உணர்கிறோம்.

கவிஞர் காரணம் எதையும் ஏற்றாமல், உயிரற்ற பொருளைப் பேசவும் கேட்கவும் விட்டிருந்தால், அது பொதுவாக அஃறிணைப் பொருளை மனிதராகப் பாவிப்பது. அஃறிணைப் பொருள்களைக் கேட்பன போலவும் பேசுவன போலவும் இயங்குவன போலவும் செய்வன போலவும் சொல்வதுண்டு என்று நன்னூலே இடம் கொடுக்கிறது.

உயர்வு நவிற்சி பொய்தானே? பொய் சொல்லக் கூடாது என்று நீங்களே சொல்கிறீர்களே?

இந்தக் கேள்வியைக் கேட்ட ஆறாம் வகுப்பு மாணவரை நான் பாராட்டினேன். பொய் சொல்பவர் தாம் சொல்வதைக் கேட்பவர் நம்ப வேண்டும் என்று விரும்புகிறார். உயர்வு நவிற்சியில் பேசுபவரும் கேட்பவரும் அது நடவாதது என்பதை அறிந்தே இருக்கிறார்கள். “உன்னை ஆயிரம் முறை கூப்பிட்டேன்” என்று அம்மா சொல்லும்போது, எண்ணிப் பார்த்து ஆறு முறைதான் என்று யாரும் திருத்துவதில்லை. அவர் சொல்வது எண்ணிக்கையை அன்று, தம் சலிப்பை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அறிவியல் பாடத்தின் செய்முறைக் குறிப்பிலோ ஒரு விபத்தைக் கண்ட சாட்சியாகப் பேசும்போதோ இதே ஆயிரத்தைச் சொன்னால், அது பொய்யாகிவிடும்.

மரபுத்தொடரின் பொருளை எப்படி அறிவது?

உவமையின் பொருளை யோசித்துக் கண்டுபிடிக்கலாம். மரபுத்தொடரின் பொருளைப் பெரும்பாலும் அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அது வழக்கில் நிலைபெற்றுவிட்டது. பெரியவர்களிடம் கேட்டும், படித்தும்தான் அறிய வேண்டும். ஆயினும் சூழல் பெரிதும் உதவும். “சாப்பிடும் முன் கைகழுவினான்” என்பதையும் “பழைய நண்பனைக் கைகழுவினான்” என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். “மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான்” என்றால் குடிக்க வைத்தான். “துரத்தி வந்தவர்களுக்குத் தண்ணீர் காட்டினான்” என்றால் பிடிபடாமல் அலைக்கழித்தான். எதை, யாரை, யாருக்கு என்பது மாறியதும் பொருளும் மாறிவிடுகிறது. நேர்ப்பொருளில் படித்தால் தொடர் பொருந்தாமல் இடறும் இடத்தில், மரபுத்தொடரோ என்று ஐயுறுங்கள்.

மரபுத்தொடரில் சொற்களை மாற்றவும் கூடாது. “கம்பி நீட்டினான்” என்றால் நழுவி ஓடிவிட்டான். “கம்பியை நீளமாக்கினான்” என்று எழுதினால் அது கொல்லர் வேலை.

ஆகுபெயரும் அணிதானா?

தமிழ் இலக்கணம் ஆகுபெயரைச் சொல்லிலக்கணத்தில் வைத்து விளக்குகிறது, அணிகளில் சேர்ப்பதில்லை. ஆனால் சொல் தன் நேர்ப்பொருளைவிட்டு நகர்கிறது என்ற வகையில் இதையும் உடன் படிப்பது நல்லது. “ஊர் சிரித்தது” என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். “தலைக்கு ஒரு புத்தகம்” என்றால் ஆளுக்கு ஒன்று. ஊருக்கும் மக்களுக்கும் இடையில் ஒப்புமை ஏதும் இல்லை, தொடர்பு மட்டுமே உண்டு. உருவகத்திலிருந்து இது வேறுபடுவது அந்த இடத்தில்தான்.

புகழ்வது போல் பழிப்பதை எப்படிக் கண்டுகொள்வது?

சொல்லும் சூழலும் ஒன்றுக்கொன்று முரண்படும் இடத்தைத் தேடுங்கள். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கருவிகள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பட்டு, நெய் பூசிப் பாதுகாப்பாக இருக்கின்றன என்கிறார்; அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனின் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்கிறார். மேலோட்டமாகப் படித்தால் தொண்டைமானுக்குப் புகழ்ச்சி. ஆனால் ஓர் ஆயுதம் எதற்காக இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தால் போதும்: பளபளக்கும் கருவி போரைக் காணாதது, சிதைந்த கருவி போருக்குப் பழகியது. இதுவே வஞ்சப்புகழ்ச்சி. பழிப்பது போல் புகழ்வதும் இதே அணியில் அடங்கும் என்பதால், அதியமானுக்குக் கிடைத்ததையும் அதே பாடலில் காணலாம்.

இரட்டுற மொழிதல் என்பது வேறா?

வேறு. அங்கே ஒரே சொல் இரண்டு பொருளுக்கும் ஒருசேர இடம் தருகிறது. “அவள் மாலைக்காகக் காத்திருந்தாள்” என்பதில் பொழுதும் பூமாலையும் இரண்டுமே பொருந்தும். இதையே சிலேடை என்றும் சொல்வர்.

மொத்தம் எத்தனை அணிகள்? எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

தொல்காப்பியம் உவமைக்குத் தனி இயலே வகுத்தது. பிற்காலத்தில் எழுந்த தண்டியலங்காரம் 35 பொருளணிகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவதாக வருவது தன்மையணி. ஒன்றை எவ்வித ஒப்புமையும் இன்றி, உள்ளது உள்ளபடி, கண்முன் நிற்கும்படி சொல்வது. அதையும் ஓர் அணியாக மதித்திருக்கிறார்களே என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நடுநிலை வகுப்பில் ஏழெட்டு அணிகளை நன்றாக உணர்ந்தால் போதும். மீதியை உயர்வகுப்புகளில் படித்துக்கொள்ளலாம்.

சில பிள்ளைகள் எதையும் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கிறார்களே, அது குறையா?

குறை என்று சொல்லாதீர்கள், அவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யாதீர்கள். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு மரபுத்தொடர்கள் புதியவை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு நேர்ப்பொருளே முதலில் தோன்றும். அவர்களுக்கு, “இது அப்படியே நடந்ததா, அல்லது ஏதோ ஒன்றைப் போன்றது என்று சொல்கிறார்களா?” என்று வெளிப்படையாகக் கேட்டு, இரண்டையும் படமாக வரையச் செய்தால் பெரிதும் உதவுகிறது. இந்தப் பயிற்சியால் மற்ற மாணவர்களும் பயன்பெறுவதைக் கண்டிருக்கிறேன்.

தேர்வில் அணியை விளக்குக என்று கேட்டால் எப்படி எழுதுவது?

அணியின் இலக்கணத்தை ஒரு தொடரில் எழுதி, பாடலின் பொருளைச் சொந்தச் சொற்களில் சொல்லி, பிறகு உவமானம் எது, உவமேயம் எது, உருபு வெளிப்படையா மறைவா, பொதுத்தன்மை என்ன என்று பொருத்திக் காட்டுங்கள். பொருத்திக் காட்டும் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சொந்தமாக உவமை எழுத எப்படிப் பழகுவது?

நிலவு போன்ற முகம், மலர் போன்ற மென்மை ஆகியவற்றைச் சில நாள் ஒதுக்கிவையுங்கள். அவை தவறானவை அல்ல. ஆனால் எழுதும் கை பார்க்காமலேயே எழுதிவிடும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை எடுத்து, அதன் செயல், பயன், வடிவம், நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் சொல்ல விரும்பும் உணர்வுக்கு அவற்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பென்சில் சீவியை எடுத்துக்கொண்டான். முதலில், “பென்சில் சீவி போன்ற ஆசிரியர்” என்று எழுதினான். கூர்மையாக்குகிறார் என்பது அவன் கருத்து. “சீவியால் பென்சிலுக்கு வேறென்ன ஆகிறது?” என்று கேட்டேன். குறைகிறது என்றான். நெடுநேரம் யோசித்துவிட்டு அந்த வரியை அடித்து, அதன்கீழே இப்படி எழுதினான்: “தாத்தாவின் நினைவு, சீவச் சீவக் குறையும் பென்சில் போல, நாளுக்கு நாள் சிறிதாகிறது; ஆனால் மிஞ்சியதன் முனை இன்னும் கூராகத்தான் இருக்கிறது.”